செஞ்சியின் முதல் மைக் எங்கே?

செஞ்சிக் கோட்டை தன் அடித்தல் திருத்தல்களை மறைப்பதில்லை. நாயக்கர்களிடமிருந்து 1649இல் பீஜப்பூர்ப் படை அதைப் பறித்தது. 1677இல் சிவாஜி கைப்பற்றி மதில்களைத் திருத்திக் கட்டினார். எட்டாண்டு முற்றுகைக்குப் பிறகு 1698இல் அது முகலாயர் வசமானது. 1750இல் பிரெஞ்சுக்காரருக்கும் 1761இல் ஆங்கிலேயருக்கும் கைமாறியது. வந்தவர் எவரும் முன்னவர் வேலையை அடியோடு இடித்துவிட்டுத் தொடங்கவில்லை. இருந்ததன்மேல் ஏற்றினார்கள், பக்கத்தில் ஒட்டினார்கள், வேண்டாத வாசலை அடைத்தார்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளுக்கும் நடுவே நடப்பவர், ஒரு கோட்டை எப்படி யோசிக்கப்பட்டது, அந்த யோசனை எங்கே மாறியது என்பதைக் கல்லிலேயே படித்துவிடலாம். தொல்லியல் துறையின் காவல் ஏற்கெனவே உண்டு. 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் முத்திரையும் சேர்ந்தது. மராட்டியர் கோட்டைகள் என்று பட்டியலில் ஏறிய பன்னிரண்டில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான்.

இதே ஊருக்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது. அது காதால் கேட்கப்பட்டது. பழைய செஞ்சி எனப்படும் மேலச்சேரியைத் திரௌபதி அம்மன் வழிபாட்டின் மூலத்தலமாக இந்த வட்டாரம் கொண்டாடுகிறது. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இல் வெளியிட்ட பெருநூலின் தலைப்பிலேயே செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை ஒரு பாதை போட்டார். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் விடிய விடியக் கூத்து, முடிவில் தீமிதி என்று நாள் கணக்கில் நடக்கும் விழா அது. கூத்தாடும் களரியில் மத்தளம், தாளம், முகவீணை, பிறகு வந்து சேர்ந்த ஆர்மோனியப் பெட்டி. இவை எல்லாவற்றுக்கும் மேலே, எந்த நூற்றாண்டுக்காரர் கேட்டாலும் திடுக்கிடும்படி, கம்பியில் கட்டித் தொங்கும் மைக். அந்த மைக் செஞ்சி நாட்டுக் களரிக்குள் வந்ததுதான் கூத்தின் வரலாற்றில் பெரிய திருப்பம் என்பேன். கோட்டையில் ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் கல் சாட்சி நிற்கிறது. இந்தக் கைமாற்றத்துக்குச் சாட்சி சொல்ல யார் எதை எடுத்துவைத்தார்கள்? ஒலியைப் பிடிக்கும் கருவிகளின் முதல் மாதிரிகளைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்களைப் பைத்தியக்காரர் என்று ஒதுக்குவது நம்மிடம் வழக்கம். அந்தப் பைத்தியம் நம்மிடம் இல்லாததால் நாம் இழந்தது அதிகம் என்பதே என் வாதம்.

அந்தப் பைத்தியம் முற்றியிருக்கும் இடம் எலக்ட்ரிக் கிட்டார் உலகம். அங்கே சிலர் முழுக் கிட்டாரைக்கூடச் சேர்ப்பதில்லை. அதன் கம்பிகளுக்கு அடியில் பதிந்திருக்கும் பிக்கப்பை மட்டும் சேர்க்கிறார்கள். பிக்கப் என்பது ஒரு காந்தம். அதைச் சுற்றி மயிரிழைச் செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. மேலே உருக்குத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் குலுங்கும், சுருளில் மின்சாரம் பிறக்கும், அது பெருக்கிக்குப் போய் ஒலியாகத் திரும்பும். 1931இல் லாஸ் ஏஞ்சலஸில் ஜார்ஜ் போஷாம் என்ற இசைக்கலைஞர், வீட்டு எந்திரம் ஒன்றின் மோட்டாரைக் கொண்டு சுருள் சுற்றி, இரண்டு குதிரைலாடக் காந்தங்களை வைத்து இதைச் சாதித்தார். முதல் மாதிரியின் உடல் மரம். அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்தது அலுமினியம். வட்ட உடலும் நீளக் கழுத்துமாக இருந்ததால் அதற்கு வாணலி என்றே பட்டப்பெயர். அது மடியில் கிடத்தி, தந்தியின்மேல் உருக்குத் துண்டை வழுக்கி வாசிக்கும் ஹவாய் வகைக் கிட்டார். கோட்டுவாத்தியம் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்தக் கைவேலை அந்நியமே அல்ல. 1934இல் போட்ட காப்புரிமை விண்ணப்பம் 1937இல்தான் தேறியது. இது உண்மையில் வேலை செய்யுமா என்று அதிகாரிகளுக்கே சந்தேகம். கூட்டாளியான அடால்ஃப் ரிக்கன்பேக்கர் வாசிப்பவர்களை வாஷிங்டனுக்கு அனுப்பி அலுவலகத்திலேயே வாசித்துக்காட்ட வைத்தார். உரிமை கைக்கு வருவதற்குள் மற்றக் கம்பெனிகள் தங்கள் எலக்ட்ரிக் கிட்டார்களைக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டன. அந்த மர மாதிரி இன்றும் இருக்கிறது. இருப்பதால்தான், முதலில் எண்ணியது என்ன, விற்பனைக்காக மாற்றியது என்ன என்று பிரித்துச் சொல்ல முடிகிறது.

இதைவிட நல்ல சான்று கிப்சன் கம்பெனியின் ஹம்பக்கர் என்ற பிக்கப். ஒற்றைச் சுருள் பிக்கப் தந்தியை மட்டும் கேட்பதில்லை; சுற்றிலும் ஓடும் மின்சாரத்தின் உறுமலையும் கேட்டுவிடும். திருவிழாவில் மைக் செட் போட்டதும் பாட்டுக்கு முன்னால் வருமே ஒரு 'உம்ம்...', அதற்கு நெருங்கிய சொந்தம். செத் லவர் என்ற பொறியாளர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து அந்த உறுமலை அதனாலேயே அடிக்க வைத்தார். 1955இல் விண்ணப்பித்தார், 1959இல் உரிமை கிடைத்தது. இடைக்காலத்தில் தயாரானவற்றின் அடியில் 'காப்புரிமைக்கு விண்ணப்பித்துள்ளோம்' என்ற பொருளில் சின்ன ஒட்டுச்சீட்டு ஒட்டினார்கள். உரிமை கிடைத்த பிறகும் 1962 வரை அதே சீட்டுதான். இன்று அந்தச் சீட்டுள்ள பிக்கப்புக்குத்தான் அடிதடி. சீட்டின் மீதுள்ள மோகம் என்று சிரிக்கலாம். ஆனால் அவற்றைத் திரட்டி ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தவர்கள் கண்டது வேறு. சுற்றும் எந்திரம் குறித்த எண்ணிக்கையில் தானாக நிற்கவில்லை. ஐயாயிரம் சுற்று என்ற கணக்கு ஆளுக்கும் வேளைக்கும் தக்கபடி ஏறி இறங்கியது. காந்தமும் கைக்கு வந்த ரகம். கறுப்புச் சாயம் பற்றாதபோது சுருளின் பிளாஸ்டிக் கட்டை ஒன்று கறுப்பு, ஒன்று வெளிர்மஞ்சள் என்று வந்தது. ஒன்றுபோல் ஒன்று ஒலிக்காத அந்தக் கிட்டார்களின் ரகசியம் அந்தக் கவனக்குறைவுதான். எந்தத் தொழிற்சாலை தன் கவனக்குறைவைப் பதிவேட்டில் எழுதிவைக்கும்? சேகரிப்பாளர்களின் இழுப்பறைகளில் கிடந்த துண்டுகளை அளந்ததால்தான் இது வெளியே வந்தது. லவரின் முதல் மாதிரியில் திருகாணிகள் கிடையாது. விற்பனைப் பிரிவினருக்கு வாடிக்கையாளரிடம் காட்டிப் பேச ஏதாவது வேண்டியிருந்ததால் அவை பிறகு ஏறின. எது ஒலிக்கு, எது பேச்சுக்கு என்பதை முதல் மாதிரிதான் சொல்லும்.

காகிதம் போதாதா, காப்புரிமைப் பத்திரமும் படமும் இருக்கும்போது பொருள் எதற்கு என்று கேட்கலாம். இதே ஹம்பக்கரிடம் அதற்கு வேடிக்கையான பதில் இருக்கிறது. 1962க்குப் பிறகு சீட்டில் காப்புரிமை எண்ணை அச்சிட்டார்கள். அந்த எண் பிக்கப்பினுடையது அல்ல, கிட்டார் கலைஞர் லெஸ் பால் பெயரில் இருந்த தந்தி கட்டும் பகுதியினுடையது. போட்டியாளரைத் திசைதிருப்பவா, வெறும் தவறா என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. எதுவானாலும் காகிதத்தை நம்பி எழுதினால் வரலாறு வேறு பெட்டியைத் திறந்திருக்கும்.

இனி நம் பக்கம் வருவோம். மின்சாரம் தந்திக்கருவியைத் தொட்ட கதை தமிழ்நாட்டிலும் பெரிய கதைதான். வீணையின் குரல் மெல்லியது. அரண்மனைக்கும் கூடத்துக்கும் போதுமானது, ஆயிரம் நாற்காலி போட்ட சபாவுக்குப் போதாது. மரத்தின் அதிர்வையே பிடிக்கும் தொடுமைக்கை அதன்மேல் ஒட்டியபோது சத்தம் கூடியது; அதைவிட, மீட்டிய பிறகு நாதம் நிற்கும் நேரம் கூடியது. ஒரு மீட்டலுக்குள் எத்தனை கமகம் இழுக்கலாம் என்ற கணக்கே அதனால் மாறும். 1980களில் சென்னை ரசிகர்களை வாய்பிளக்க வைத்த உ. ஸ்ரீநிவாஸின் மாண்டலின், இத்தாலிய மாண்டலினின் இரட்டைத் தந்திகளை ஒற்றையாக்கி, ஐந்தாவது தந்தியும் சேர்த்த எலக்ட்ரிக் கருவி. இரட்டைத் தந்தியில் கமகம் இழுப்பது பெரும்பாடு. ஒற்றையாக்கினால் ஒலி மெலியும். மெலிந்ததைப் பிக்கப் ஈடுகட்டும். ஆக அந்தச் சிறு சுருள் இல்லையென்றால் அவர் வாசித்த கல்யாணி ராகமும் இல்லை. ஆனால் விமரிசனம் எழுதிய நாம் மேதைமையைப் பற்றி எழுதினோம், விரலைப் பற்றி எழுதினோம். சுருளை யார் சுற்றினார், முதலில் பொருத்தியது எது, கழற்றிப் போட்டது எது என்று கேட்கத் தோன்றவில்லை. கண்ணாடிப் பேழைக்குள் யாளிமுக வீணை வைப்போம்; அதன்மேல் ஒட்டியிருந்த தொடுமைக்கைத் துடைத்து எடுத்துவிட்டுத்தான் வைப்போம்.

கூத்தில் இழப்பு இன்னும் ஆழம். மைக் இல்லாத காலத்தில் கூத்தாடியின் முதல் தகுதி தொண்டை. உச்சத்தில் எடுத்துப் பாடினால்தான் கடைசி வரிசைக்குக் கேட்கும். பின்பாட்டுக்காரர் வரியைத் திருப்பிப் பாடுவது அழகுக்காக மட்டுமல்ல, தூரத்துக்காகவும். முகவீணையின் கீச்சுக்குரலும் திறந்தவெளி இரவைத் துளைக்கத் தக்கது. மைக் தொங்கியதும் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. தாழ்ந்த சுருதியில் பாடலாம், பெட்டியின் குரல் முகவீணையை மூடிவிடலாம், களரி முழுக்கச் சுற்றி ஆடிய வேஷக்காரர் வசனத்துக்கு வந்து மைக்கின் அடியில் நின்றாக வேண்டும். தொங்கும் மைக் ஒன்றா மூன்றா என்பதே அடவின் தடத்தை மாற்றிவிடும். எனவே ஒரு ஜமாவின், அதாவது கூத்துக் குழுவின், ஆட்டமுறையைப் புரிந்துகொள்ள, அவர்கள் எந்த ஆண்டு எந்த மைக்கின் கீழ் ஆடினார்கள் என்று தெரிய வேண்டும். எல்லாப் பக்கமும் கேட்கும் மைக்கா, நேரே வாய் வைத்தால் மட்டும் கேட்பதா என்பது அதை எடுத்துப் பேசிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துபோகும். பேசிப் பார்க்கப் பொருள் வேண்டுமே.

அரசு பார்த்துக்கொள்ளாதா? அரசின் காது தனக்குப் பிடித்ததை மட்டும் கேட்கும் என்பதற்கு ஆர்மோனியமே சாட்சி. 1940 மார்ச்சில் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கியது; 1971இல்தான் தடை தளரத் தொடங்கியது. அந்த முப்பது ஆண்டுகளை வானொலிப் பதிவுகளை மட்டும் வைத்து எழுதப் புகுகிறவர், பெட்டி ஒழிந்தது என்றே முடிவு கட்டுவார். ஊர்ப்புறத்தில் பெட்டி தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது.

சேகரிப்பை எதிர்ப்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதை மறுக்க மாட்டேன். பணம் புகுந்ததும் சேகரிப்பு கெட்டுப்போகிறது. பழைய ஹம்பக்கருக்காக நல்ல கிட்டார்களின் குடலையே பிடுங்கி எறிந்திருக்கிறார்கள். போலிச் சீட்டு அச்சிட்டு விற்பவர்களும் உண்டு. வாசிக்கப் பிறந்த பொருள் பூட்டிய அறையில் கிடப்பது கொடுமை என்பதும் சரி. ஆனால் இவை விலையேறிய பிறகு வரும் நோய்கள். நம் பழைய மைக்குகளுக்கு வந்திருப்பது விலையில்லா நோய்; அவை எடைக்குப் போகின்றன. இன்னொரு மறுப்பு கொஞ்சம் கனமானது: நம் மரபில் வரலாறு கருவியில் இல்லை, குருவிடமிருந்து சீடருக்குப் போகும் கையிலும் வாயிலும் இருக்கிறது, கருவி பழசானால் மாற்றிக்கொள்வோம். வாய்ப்பாடத்துக்கு இது பொருந்தும். மின்கருவிக்குப் பொருந்தாது. அந்தச் சுருளைச் சுற்றியவர் குருவும் அல்ல, சீடரும் அல்ல. எந்த வாழ்த்துப் பாடலிலும் அவர் பெயர் வராது. அவர் விட்டுப்போன ஒரே கையெழுத்து அந்தப் பொருள்தான்.

தனியாள் சேகரிப்பு என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்கா போக வேண்டாம். கோட்டையூர் ரோஜா முத்தையா, நூலகங்கள் தீண்டாத குஜிலிப் பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று வாழ்நாளெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பின் அந்தக் குவியல்தான் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. இன்று தமிழ்ச் சமூக வரலாறு எழுதும் எவரும் அதைத் தாண்டிப் போக முடியாது. 1714இல் மாண்ட செஞ்சியின் தேசிங்குராஜனின் கதை கோட்டையைவிட வெகுதூரம் பயணம் செய்தது பாடகர் வாயிலும் மலிவு அச்சிலும்தான். அந்த மலிவு அச்சை மதித்தவர்கள் அன்றைய பேராசிரியர்கள் அல்ல. ஒலிக்கருவியிலும் நம் நாட்டிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. 1931 கராச்சி மாநாட்டிலிருந்து காங்கிரஸ் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி போட்ட பம்பாய் 'சிகாகோ ரேடியோ' நானிக் மோட்வானேயின் குடும்பம், தன் படங்களையும் ஒலிப்பதிவுகளையும் காத்து வைத்தது. காந்திக்கும் நேருவுக்கும் முன்னால் அந்தப் பெயர்ப்பலகை மாட்டிய மைக் நிற்பதைப் படங்களில் பார்க்கிறோம். தலைவர் பேச்சு எப்படி நாட்டைச் சென்றடைந்தது என்ற கேள்வியில் பாதிப் பதில் அங்கே இருக்கிறது.

ஆகவே செஞ்சி, திருவண்ணாமலை, திண்டிவனம் பக்கம் மைக் செட் தொழில் செய்பவர்களுக்கும், ஜமா வைத்திருப்பவர்களுக்கும், திரௌபதி கோயில் தர்மகர்த்தாக்களுக்கும் ஒரு வேண்டுகோள். பரணில் கிடக்கும் குழாய் ஸ்பீக்கரையும் வால்வு பெருக்கியையும் வலை கிழிந்த மைக்கையும் எடைக்குப் போடும் முன் ஒரு ஆணியில் மாட்டுங்கள். பழுது பார்க்க வேண்டாம், வண்ணம் அடிக்கவே வேண்டாம். ஒரு அட்டையில் மூன்று விவரம் மட்டும் எழுதிக் கட்டுங்கள்: எந்த ஊர்க் கூத்தில் தொங்கியது, எந்த ஆண்டு வாங்கியது, யார் இயக்கியது.