முகமறியா அவையில் முறைமை



பலர் கூடிச் செய்யும் பணியில் பூசல் எழுவது இயல்பு. ஊதியம் பெற்று உழைப்பவரை ஊதியம் நிறுத்தி வைக்கும். ஆணைக்குப் பணிந்து உழைப்பவரை அவ்வாணை நிறுத்தி வைக்கும். இவ்விரண்டும் இன்றித் தம் விருப்பத்தால் மட்டும் வந்த தொண்டரை நிறுத்தி வைப்பது யாது? ஒருவர்பால் ஒருவர் காட்டும் மதிப்பு ஒன்றே. அது குறையுமாயின் அவர் ஒரு சொல்லும் கூறாமல் விலகிப் போய்விடுவார். ஐதராபாத்தில் தொடங்கி ஐதராபாத்திலேயே வந்து முடியும் ஒரு வரலாற்றைக் கொண்டு இதனைச் சிறிது ஆராய்வோம்.

நிஜாம் ஆட்சியில் உருது மொழியே அரசியலிலும் கல்வியிலும் தலைமை பெற்றிருந்தது. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர் தம் மொழி நூல்களைப் படிப்பதற்கும் ஓர் இடம் தேட வேண்டியிருந்தது. அக்குறையைப் போக்கக் கொமர்ராஜு வெங்கட லட்சுமண ராவ், ராவிசெட்டு ரங்கா ராவ், முனகால ஜமீன்தார் நாயனி வெங்கட ரங்கா ராவ் முதலானோர் முயன்று, 1901ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் ஸ்ரீகிருஷ்ணதேவராய ஆந்திர பாஷா நிலயம் என்னும் நூல்நிலையத்தை ஐதராபாத்தில் நிறுவினர். 1906இல் அறிவியலையும் வரலாற்றையும் தெலுங்கில் வெளியிட விஞ்ஞான சந்திரிகா மண்டலி தோன்றியது. பின்னர்ச் சென்னையில் வாழ்ந்த லட்சுமண ராவ் தெலுங்கில் ஒரு கலைக்களஞ்சியம் தொகுக்க முற்பட்டு, அப்பணி முற்றுப்பெறுமுன் 1923இல் மறைந்தார். தமிழிலோ, தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் ஆதரவில், பெரியசாமித் தூரன் தலைமைப் பதிப்பாசிரியராக இருக்க, 1954 முதல் 1968 வரை கலைக்களஞ்சியம் 10 தொகுதிகளாக வெளிவந்தது.

இம்முயற்சிகளில் தலைமைப் பதிப்பாசிரியர் ஒருவர் இருந்தார். எழுதுவோர் பெயர் பெற்ற அறிஞர்கள். அவர்களுக்குள் கருத்து மாறுபட்டால் ஆசிரியரின் சொல்லே முடிவாயிற்று.

2001ஆம் ஆண்டு சனவரியில் இணையத்தில் தோன்றிய விக்கிப்பீடியா இம்முறையைத் தலைகீழாக மாற்றியது. தலைமை ஆசிரியர் என்று அங்கே ஒருவரும் இல்லை. மாணவரும் பேராசிரியரும் ஒரே பக்கத்தில் எழுதலாம். ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தலாம். தமிழ்ப் பதிப்பு 2003 செப்டம்பரிலும், தெலுங்குப் பதிப்பு அவ்வாண்டு டிசம்பரிலும் தொடங்கின. இலங்கையிற் பிறந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் தொடக்க காலத்திலேயே தமிழ்ப் பதிப்புக்கு உருவம் கொடுத்தவர். இன்று அதில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. எழுதியவருள் பெரும்பாலோர் அதற்காகக் கூலி பெற்றாரல்லர்.

முகமறியாதார் கூடிய அவையில் பூசல் எளிதில் மூளும். கனடாவிலுள்ள ஒரு நகரை இலங்கைத் தமிழர் ‘ரொறன்ரோ’ என்பர். தமிழ்நாட்டார் ‘டொராண்டோ’ என்பர். கிரந்த எழுத்துகளைக் கொள்வதா, தள்ளுவதா என்பதும் நெடுங்காலம் வாதிடப்பட்டது. எதிரே அமர்ந்திருப்பவரின் வாட்டத்தைக் காணும்போது நாம் சொல்லைச் சிறிது தணித்துக்கொள்கிறோம். திரையில் அம்முகம் தோன்றுவதில்லை. ஆதலால் கடுஞ்சொல் தடையின்றி விரைகின்றது.

இதனையறிந்தே தொண்டர்கள் தமக்குள் சில முறைமைகளை வகுத்தனர். பிறர் செய்த பிழையைக் கண்டவுடன் அது கெட்ட எண்ணத்தாற் செய்யப்பட்டது என்று கருதலாகாது. கருத்தை மறுக்கலாம், கருத்துரைத்தவரைப் பழிக்கலாகாது. பூசலைக் கட்டுரையில் நடத்தாமல், அதற்கென அமைந்த உரையாடற் பக்கத்தில் காரணம் காட்டிப் பேச வேண்டும். புதியவரை அச்சுறுத்தலாகாது. ஒருவர் எழுதியதை மற்றவர் அழிப்பதும், அவர் அதனை மீண்டும் எழுதுவதும் முடிவின்றி நீளாதபடி, 24 மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தில் மூன்று முறைக்கு மேல் அவ்வாறு செய்தலாகாது என்று ஆங்கிலப் பதிப்பு வரம்பு கட்டியது.

ஆயினும் வரம்பைக் காக்கும் அதிகாரம் யாருக்கு உரியது என்ற வினா எஞ்சி நின்றது. 2019இல் ஆங்கிலப் பதிப்பின் நிர்வாகி ஒருவரை விக்கிமீடியா நிறுவனம் நேரே தலையிட்டு ஓராண்டு விலக்கி வைத்தது. தங்களைக் கேளாமல் தண்டித்ததேன் என்று தொண்டர் பலர் வெகுண்டனர். நிர்வாகிகள் சிலர் பொறுப்பைத் துறந்தனர். இழிசொல்லால் துன்புற்றவருக்குக் காப்பு வேண்டும் என்பதும் நியாயம். குற்றஞ்சாட்டப்பட்டவர் தம் பக்கத்தைக் கூற வேண்டும் என்பதும் நியாயம். இரண்டையும் ஒருங்கே காப்பது எளிதன்று.

இதன்பின் எல்லா மொழிப் பதிப்புகளுக்கும் பொதுவான நடத்தை நெறி ஒன்று வகுக்கப்பட்டு, 2021 பிப்ரவரியில் வெளியாயிற்று. வயது, தகுதி, நாடு, மொழி கருதாமல் யாவரையும் மதித்தல் அதன் அடிப்படை. வசைமொழி, மிரட்டல், ஒருவரின் அந்தரங்கச் செய்திகளை அம்பலப்படுத்தல், பெற்ற அதிகாரத்தைப் பிறரை ஒடுக்கப் பயன்படுத்தல் ஆகியன விலக்கப்பட்டன. அதனைச் செயற்படுத்தும் விதிகள் தொண்டர்களின் வாக்குக்கே விடப்பட்டன. 2022இல் பெரும்பான்மையோர் ஏற்றும், வாக்காளர் கூறிய குறைகளுக்கு ஏற்ப விதிகள் திருத்தப்பட்டன. 2023 சனவரியில் நடந்த இரண்டாம் வாக்கெடுப்பில் நூற்றுக்கு 76 பேர் அவற்றை ஏற்றனர். மார்ச்சு மாதம் அவை உறுதிபெற்றன.

அடுத்த மாதம், ஏப்பிரல் 28 முதல் 30 வரை, இந்திய விக்கி மாநாடு ஐதராபாத்தில் கூடிற்று. 2011இல் மும்பையிலும், 2016இல் சண்டிகர் அருகிலும் நடந்தவற்றுக்குப் பின் இது மூன்றாவது மாநாடு. ‘பிணைப்புகளை வலுப்படுத்தல்’ என்பதே அதற்கு வைத்த கருப்பொருள். ஒரு நூல்நிலையத்துக்காக ஒரு சிலர் கூடிய நகரில், 122 ஆண்டுகளுக்குப் பின் பல மொழித் தொண்டர் நேரிற் கண்டு அளவளாவினர்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. செகந்தராபாத்திலோ வேறு நகரிலோ வளரும் நம் பிள்ளை தெலுங்கும் இந்தியும் ஆங்கிலமும் பள்ளியிற் கற்கிறான். தமிழை வீட்டிற் கேட்டே அறிகிறான். தன் தெருவிலுள்ள கோயிலைப் பற்றித் தமிழில் நான்கு வரி எழுத ஒருநாள் அவன் துணிகிறான். அதில் ரகரமும் றகரமும் மயங்கும், ஒற்றுப்பிழை மலியும். “தமிழ் அறியாதவன் எழுத வந்ததேன்?” என்று ஒருவர் எள்ளினால், அவன் மறுபடி வரமாட்டான். அப்பிழையை நாளையே எவரும் திருத்தலாம். போனவனைத் திரும்ப அழைத்து வருவது அரிது. அந்த நான்கு வரியை எழுத அவ்வூரில் அவனையன்றி வேறொருவர் இல்லாமலும் இருக்கலாம்.

பணிவு என்பது உண்மையை மறைத்தல் அன்று. பிழையைப் பிழையென்றே கூறுக. கூறியபின் அவர் நாளையும் வந்து எழுதுமாறு கூறுக. தமிழ்ச் சங்கமோ, நூல்நிலையமோ, இணையப் பணியோ, தொண்டர் கூடும் அவை எதுவும் இம்முறைமையாலேயே நிலைபெறும்.