ஒரே வீட்டுக்கு எத்தனை சர்வே?

வீட்டை விக்கிறதுக்கு முன்னாடி, விவரம் தெரிஞ்ச ஒரு ஆளை விட்டு கூரை வரைக்கும் சோதிக்கணும். ஓதம் ஏறின சுவர், உளுத்த மரம், ஒழுகுற ஓடு எல்லாத்தையும் எழுதி வாங்கணும். செலவு விக்கிறவரோடது. வாங்க வர்றவர் அதைப் படிச்சிட்டு விலை பேசலாம்.

ரொம்ப நியாயமான யோசனைதானே? இதைச் சட்டமாக்கப் போய், பிரிட்டன்ல ஒரு பக்கம் நிலைச்சு நின்னுச்சு, இன்னொரு பக்கம் மூணே வருஷத்துல மூட்டை கட்டிடுச்சு. அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

பழைய கோட்பாடு என்னன்னா, 'வாங்குறவன் பாத்து வாங்கிக்கணும்'. விக்கிறவர் பொய் சொல்லக்கூடாது, ஆனா வீட்டோட ஓட்டையைத் தானா வந்து காட்டணும்னு கட்டாயம் இல்லை. அதனால வாங்குறவர்தான் சர்வேயருக்குக் காசு கொடுக்கணும்.

ஸ்காட்லாந்துல இது படுத்தின பாடு இருக்கே! அங்கே 'இத்தனை பவுண்டுக்கு மேல்'னு போட்டு, மூடின உறையில விலை கேக்குறது வழக்கம். விலை எழுதுறதுக்கு முன்னாடியே சர்வே பாத்தாகணும். ஒரு வீட்டுக்கு அஞ்சு பேர் போட்டின்னு வைங்க. அஞ்சு பேரும் அதே சுவரைப் பாக்கத் தனித்தனியா காசு அழணும். வீடு கிடைக்கிறது ஒருத்தருக்கு, மத்த நாலு பேருக்கும் பட்டை நாமம் :-) அடுத்த வீட்டுக்குப் போனா மறுபடி முதல்லேருந்து. கூட்டத்தைச் சேர்க்க வேணும்னே குறைச்சு விலை போடுற வேலையும் நடந்துச்சு.

2004-ல 'விருப்பப்பட்டவங்க விக்கிறதுக்கு முன்னாடி சர்வே எடுங்க'ன்னு சோதனை பண்ணிப் பாத்தாங்க. விக்கிறவங்க பெரும்பாலும் சீண்டவே இல்லை. தன் வீட்டு ஓட்டையைக் காசு கொடுத்து யாரு எழுதி வாங்குவா? அப்புறம் 2006-ல சட்டம் வந்து, 2008 டிசம்பர் 1 முதல் 'ஹோம் ரிப்போர்ட்' கட்டாயமாச்சு. வீட்டோட ஒவ்வொரு பாகத்துக்கும் 1, 2, 3-னு மார்க். 3-ன்னா உடனே பழுது பாக்கணும்னு அர்த்தம். கூடவே மதிப்பீடு, மின்சாரம்-எரிவாயுச் செலவு பத்தின அறிக்கை, விக்கிறவர் நிரப்புற கேள்வித்தாள். உலகப் பொருளாதாரம் படுத்துக் கிடந்த நேரத்துல வந்தும் இன்னிக்கு வரைக்கும் ஓடுது.

இங்கிலாந்து, வேல்ஸ் கதை வேற. 2004 வீட்டுவசதிச் சட்டத்துல 'ஹோம் இன்ஃபர்மேஷன் பேக்'னு ஒரு கட்டு. அதோட உயிரே வீட்டு நிலை அறிக்கைதான். அதுக்காகவே பலர் சொந்தக் காசு போட்டு இன்ஸ்பெக்டர் பயிற்சி எடுத்தாங்க. 2006 ஜூலையில அரசாங்கம் 'அந்த அறிக்கை கட்டாயமில்லை'ன்னு சொல்லிடுச்சு! மிஞ்சினது பத்திர நகல், உள்ளாட்சித் தேடுதல், எரிசக்திச் சான்றிதழ். 2007 ஆகஸ்ட் 1-ல நாலு படுக்கையறை வீடுகளுக்கு ஆரம்பிச்சு, டிசம்பர்ல எல்லா வீட்டுக்கும் வந்துச்சு. 2010 மே மாசம் புது அரசு வந்த கையோட நிறுத்திட்டாங்க. எரிசக்திச் சான்றிதழ் மட்டும் தப்பிச்சுது.

என் பார்வையில, அந்தக் கட்டு செத்தது 2010-ல இல்லை, 2006-லயே. சுவரைப் பத்தி ஒரு வார்த்தை இல்லாத காகிதக் கட்டுக்காக யாரு போராடுவா?

'விக்கிறவர் காசு கொடுத்த ரிப்போர்ட்டை எப்படி நம்புறது?'ங்கிறது நல்ல கேள்வி. எங்க பொழப்புலயே கோடு எழுதினவன் ஆளு வெச்சு டெஸ்ட் பண்ணினா சந்தேகமாத்தான் பாப்போம். ஸ்காட்லாந்து இதுக்குச் சொன்ன பதில்: சர்வேயர் வாங்குறவருக்கும் பொறுப்பு. தப்பா எழுதினா அவர் மேல வழக்குப் போடலாம். டென்மார்க் 1996-லயே வேற வழி கண்டுச்சு. விக்கிறவர் நிலை அறிக்கையும் காப்பீட்டு விலையும் வாங்கிக் கொடுத்தா, வீட்டுக் குறைகளுக்கான பத்து வருஷப் பொறுப்புலேருந்து பெரும்பாலும் விடுதலை. உண்மையைச் சொல்றவருக்கு ஒரு லாபம் வெச்சாங்க பாருங்க, அதுதான் சூட்சுமம்.

2025 அக்டோபர்ல இங்கிலாந்து அரசு, வீட்டு நிலை உட்பட விவரங்களை விக்கிறவர் முன்கூட்டியே கொடுக்கணும்ங்கிற யோசனையை மறுபடி கலந்தாய்வுக்கு விட்டுச்சு. இந்த முறையாவது உயிரை எடுத்துட்டு உடம்பை மட்டும் சட்டமாக்காம இருக்கணும். இல்லேன்னா தோத்துப் போற அந்த நாலு பேர்தான் மறுபடியும் காசு கட்டுவாங்க.