‘நல்லிணக்கம்’ என்றால் சண்டை பிடிக்காமல் இருப்பதா?



போன கிழமை வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது: “சேர், ரீகன்சிலியேஷன் என்றால் சண்டை பிடிக்காமல் இருப்பதா?” ஆமாம் என்று சொல்லி பாடத்தை முடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், சரியாகச் சொல்லவில்லையே என்று மனம் உறுத்தியது. அதனால் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது லத்தீனிலிருந்து வந்த சொல். ‘கன்சிலியாரே’ என்றால் ஒன்றுகூட்டுதல். முன்னால் நிற்கும் ‘ரீ’ என்பதற்கு ‘மீண்டும்’ என்று பொருள். ஆக, முன்பு சேர்ந்திருந்து பிரிந்தவர்களை மீண்டும் சேர்ப்பது. நாம் ‘நல்லிணக்கம்’ என்கிறோம். அழகான சொல்தான். ஆனால் அந்த ‘மீண்டும்’ அதில் இல்லை. முன்பு என்ன இருந்தது, எப்போது போனது என்று யாரும் கேட்க வேண்டியதில்லாமல் போய்விடுகிறது.

இதே ஆங்கிலச் சொல் வர்த்தகப் பாடத்திலும் வருகிறது. வங்கிக் கணக்கிணக்கக் கூற்று படித்த பிள்ளைகளுக்குத் தெரியும். நமது காசேடு ஒரு தொகை சொல்லும், வங்கிக் கூற்று வேறொன்று சொல்லும். இரண்டையும் பக்கத்தில் வைத்து, எங்கே விடுபட்டது என்று வரிவரியாகத் தேட வேண்டும். ஒரு புத்தகத்தை மூடி வைத்துவிட்டு கணக்கு சரி என்று சொல்ல முடியாது.

2010இல் அரசாங்கம் ‘கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு’வை அமைத்த பிறகுதான் இந்தச் சொல் நம் காதில் அடிக்கடி விழத் தொடங்கியது. அதற்கு ஒப்படைக்கப்பட்ட காலம் 2002 பெப்ரவரி முதல் 2009 மே வரை. மலையகத்தின் கணக்கோ அதற்கு வெகு முன்னால் தொடங்குகிறது.

1947 பொதுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளர்களும் வாக்களித்தார்கள். இலங்கை இந்தியன் காங்கிரஸ் பல ஆசனங்களை வென்றது. நமது நுவரெலியாவில் வென்றவர் சௌமியமூர்த்தி தொண்டமான். அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன், பாட்டன் இங்கே பிறந்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். லயத்தில் பிறந்தவருக்கு ஏது அந்தக் கடதாசி? 1949இல் வாக்கும் போனது. 1952 தேர்தலில் அந்தக் கட்சிக்கு ஓர் ஆசனமும் இல்லை.

1949இல் வந்த இன்னொரு சட்டத்தின் பெயர் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம். இந்தியாவிலிருந்து வந்து கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பங்களும் அதன் கீழ்தான் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. இது தோட்டத்து மக்களின் கதை மட்டும்தான் என்று நாம் ஒதுங்கி நிற்க முடியாது.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். மொத்தம் 975,000 பேர். இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, மிச்சம் 150,000 பேர் பிறகு. 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்தார்கள். கூட்டிப் பாருங்கள், கணக்கு சரியாக வரும். இரு நாடுகளும் இணங்கின. மக்களிடம் யாரும் கேட்கவில்லை. ஒரே வீட்டில் அண்ணன் அங்கே, தம்பி இங்கே. அவர்களை ஏற்றிச் சென்ற கோச்சியை ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

2003இல் 35ஆம் இலக்கச் சட்டம் வந்து, எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்தது. 1948இலிருந்து எண்ணினால் 55 வருடங்கள். போனவர்கள் போனதுதான். ஆனாலும் எடுத்ததைத் திருப்பிக் கொடுத்த அந்தச் சட்டத்தில் ‘மீண்டும்’ இருக்கிறது.

அரபியில் சமாதானத்துக்கு ‘சுல்ஹ்’ என்கிறோம். பழுதானதைச் சீர்செய்வதைக் குறிக்கும் ‘இஸ்லாஹ்’ என்ற சொல்லுக்கும் அதே வேர்தான். சீர்செய்யாமல் சமாதானம் இல்லை என்றுதான் நான் விளங்கிக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை அந்தப் பிள்ளைக்கு என் பதிலைத் திருத்திச் சொல்லப் போகிறேன். சண்டை பிடிக்காமல் இருப்பது நல்லதுதான் மகள், ஆனால் அதற்கு முன்னால் இரண்டு புத்தகங்களையும் திறந்து பார்க்க வேண்டும் என்று.

உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய பிரஜாவுரிமைக் கடதாசிகள் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அது ஏன் தேவைப்பட்டது என்று சொல்லுங்கள்.