எச்சரிக்கை யாருக்கு? அமில பாட்டிலும் நுகர்வோர் சட்டமும்

சங்ககிரியில் வீட்டுக்கு ஆசிட் வாங்குபவர் ஒருவர். அதைக் கழிப்பறையில் ஊற்றித் தேய்ப்பவர் பல வேளைகளில் வேறொருவர். அவர் எச்சாதியினர் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, வாங்கியவரின் ஒப்புதலோடு பொருளைப் பயன்படுத்துபவரையும் நுகர்வோர் என்றே கொள்கிறது. எனவே, கை வெந்த வீட்டுப் பணியாளரே வழக்குத் தொடரலாம். போதிய எச்சரிக்கையற்ற பொருளால் நேர்ந்த தீங்குக்குப் பிரிவு 84 உற்பத்தியாளரைப் பொறுப்பாக்குகிறது. லேபிளே இல்லாத பாட்டிலென்றால்? தயாரித்தவர் யாரெனத் தெரியாதபோது, பிரிவு 86இன்படி விற்ற கடைக்காரர் பொறுப்பு.

நம் மக்களை வெளியே நிறுத்துவது பிரிவு 87. பணியிடத்துக்காக முதலாளி வாங்கி, எச்சரிக்கையும் அவரிடம் தரப்பட்டிருந்தால், எச்சரிக்கைக் குறைபாட்டுக்காக உற்பத்தியாளர் மீது வழக்கு நிற்காது. ஒப்பந்தக்காரர் சிறு பாட்டிலில் ஊற்றித் தூய்மைப் பணியாளரிடம் நீட்டுகையில் அந்த எச்சரிக்கை கேனிலேயே தங்கிவிடுகிறது. 'பொதுவாக அறியப்பட்ட' அபாயத்துக்கும் அதே பிரிவில் விலக்குண்டு. பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் கலந்தால் குளோரின் வாயு எழும் என்பதை எத்தனை பேர் அறிவர்? வீடும் பணியிடமே என நிறுவனங்கள் வாதிடக்கூடும். அதை நாம் எதிர்கொண்டாக வேண்டும்.

சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் மனு அளிக்க வேண்டும். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமில்லை. பாட்டிலை வீசிவிடாதீர்கள், அதுவே முதல் சான்று.