பவுலிங் பந்தின் லேஅவுட்

டென்பின் பவுலிங்கில் லேஅவுட் என்பது, துளையில்லாமல் விற்பனைக்கு வரும் பந்தில் விரல்களுக்கும் கட்டைவிரலுக்குமான துளைகள் எங்கே அமைய வேண்டும் என்று அளந்து கோடு போட்டு வைக்கும் வேலை. துளைபோடும் எந்திரத்துக்கு இதில் பங்கில்லை. மெழுகுப் பென்சிலும் வளையக்கூடிய அளவுகோலும் போதும். இருந்தும் பெரும்பாலான ஆட்டக்காரர்கள் இதைப் புரோ ஷாப் எனப்படும் பவுலிங் கடைக்காரரின் தொழில் ரகசியமாகவே கருதி, பந்தைக் கொடுத்துவிட்டு முடிந்ததும் வாங்கிக்கொள்கிறார்கள். லேஅவுட்டில் ரகசியம் என்று சொல்ல அதிகம் இல்லை. அது அளவெடுப்பு, அளவுகளில் முக்கியமான ஒன்று ஆட்டக்காரரின் கையிலிருந்து மட்டுமே கிடைப்பது. எனவே சொந்தப் பந்தைத் தானே குறிக்கக் கற்பது எந்திரம் வைத்திருக்காதவருக்கும் பயன் தரும்.

பந்து வெளியே உருண்டை, உள்ளே அப்படியல்ல. உள்ளிருக்கும் கனமான கோர் ஓர் அச்சில் நீண்டோ ஒரு பக்கம் பருத்தோ இருக்கும். அதன் உச்சி இருக்கும் திசையை மேற்பரப்பில் ஒரு வண்ணப் புள்ளி காட்டும். அதைப் பின் என்பார்கள். எடைமையத்துக்கு இன்னொரு குறி உண்டு. கோர் சமச்சீரற்றதாக இருந்தால் மாஸ் பயஸ் என்ற மூன்றாவது குறியும் இருக்கும். பந்தின் சுற்றளவு ஏறத்தாழ 27 அங்குலம். அதில் கால் பங்கு 6 3/4 அங்குலம். கையிலிருந்து விடுபடும் கணத்தில் பந்து எந்த அச்சைப் பற்றிச் சுழல்கிறதோ அந்த அச்சின் முனைதான் பவுலர்கள் பி.ஏ.பி. என்று சொல்லும் புள்ளி. பின் அந்தப் புள்ளியிலேயே இருந்தாலும், அதிலிருந்து 6 3/4 அங்குலம் தள்ளி இருந்தாலும் பந்து தடுமாறாமல் ஒரே வளையத்தின்மேல் உருளும். இரண்டுக்கும் நடுவில், 3 3/8 அங்குலத்தை ஒட்டி, அச்சு மிக அதிகமாக நகரும். அச்சு நகர நகர, ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் படாத புதிய பரப்பு லேனைத் தொடும், உராய்வு கூடும், பந்து வளையும். இந்த நகர்வுக்குப் பெயர் ஃபிளேர். லேஅவுட்டில் மற்றதெல்லாம் இந்த ஒரு தூரத்தைச் சுற்றி எழுந்த நுணுக்கங்கள் என்றால் பெரிய பிழையில்லை.

பி.ஏ.பி. ஆளுக்கு ஆள் மாறுவது. பந்தை எண்ணெய் பூசிய லேனில் வீசித் திரும்ப எடுத்தால் எண்ணெய் வளையங்கள் தெரியும். முதல் வளையத்தை மெழுகுப் பென்சிலால் வரைந்து, அதன் எல்லாப் புள்ளிகளிலிருந்தும் சம தூரத்தில் இருக்கும் மையத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கென்றே ஆர்மடில்லோ என்ற வளைந்த அளவுகோல் விற்கிறது. கிடைத்த இடத்தில் வெள்ளை டேப் துண்டு ஒன்றை ஒட்டி மீண்டும் வீசச்செய்து பார்த்தால் சந்தேகம் தீரும். பந்து கையை விட்டதும் அந்த டேப் ஆடாமல் நின்ற இடத்திலேயே சுழன்றால் அளவு சரி, வட்டமடித்தால் தவறு. பிறகு பிடியின் நடுக்கோட்டிலிருந்து பக்கவாட்டில் எவ்வளவு, மேலே அல்லது கீழே எவ்வளவு என்று எழுதிக்கொள்வார்கள். பக்கவாட்டில் 5, மேலே 1/2 என்பது வழக்கமாகக் கேட்கும் அளவு வகை. மோதிர விரலுக்கு மேலே பின் இருக்கும்படி போடுங்கள் என்று படத்தைக் காட்டிச் சொல்லும் பழக்கம் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். ஒருவருக்குப் பக்கவாட்டு அளவு 5 1/2, இன்னொருவருக்கு 4 1/2 என்று வைத்துக்கொள்வோம். ஒரே படத்தைப் பார்த்து இருவருக்கும் துளை போட்டால் பின்னுக்கும் பி.ஏ.பி.க்கும் இடையிலான தூரம் ஏறத்தாழ முக்கால் அங்குலம் வேறுபடும். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் அந்தப் பந்துகள் ஃபிளேரில் இரண்டு வகை.

இதற்கு முறையான விடை தந்தவர்களில் கோர் வடிவமைப்பாளர் மோ பினல் முக்கியமானவர். 2000-களின் பிற்பகுதியில் பரவிய அவருடைய இரட்டைக் கோண முறை, லேஅவுட்டை மூன்று எண்களில் அடக்கியது. 50 × 4 × 35 என்று எழுதியிருந்தால் முதலாவது துளைக்கோணம், நடுவிலிருப்பது பின்னிலிருந்து பி.ஏ.பி.க்கு அங்குலத்தில் தூரம், கடைசி, அந்தத் தூரக்கோடு பி.ஏ.பி. வழியே மேலும் கீழுமாகச் செல்லும் செங்குத்து அச்சுக்கோட்டோடு உண்டாக்கும் கோணம். பின்னிலிருந்து மாஸ் பயஸுக்கு ஒரு கோடு. சமச்சீர் பந்தானால் எடைமையத்தின் வழியாக. அந்தக் கோட்டிலிருந்து 50 டிகிரி விலகி இன்னொரு கோடு. அதில் 4 அங்குலம் சென்றால் பி.ஏ.பி. அங்கே 35 டிகிரியில் செங்குத்து அச்சுக்கோடு. பி.ஏ.பி. 1/2 மேலே என்றால் அந்தக் கோட்டில் 1/2 அங்குலம் கீழிறங்கி, செங்குத்தாகத் திரும்பி 5 அங்குலம் நகர்ந்தால் பிடியின் மையம். துளைகளின் இடம் வருவது கடைசியில்தான். துளைக்கோணம் சிறியதானால் பந்து சீக்கிரம் உருளத் தொடங்கும். மூன்றாவது கோணம் சிறியதானால் வளையும் கட்டம் வேகமாக நடந்து முடியும். கோணங்களுக்குப் பதில் தூரங்களையே பயன்படுத்தும் ஸ்டார்ம் நிறுவனத்தின் பின் பஃபர் முறையும் புழக்கத்தில் இருக்கிறது. எழுதும் விதம்தான் வேறு, அதுவும் பி.ஏ.பி. இல்லாமல் நகராது.

பயிற்சி பெற்ற கடைக்காரர் இருக்கும்போது ஆட்டக்காரருக்கு இது எதற்கு என்று கேட்கலாம். ஒரு காலத்தில் அந்தக் கேள்விக்கு வலு அதிகம். துளை போட்ட பிறகு பந்து எதிர்பார்த்தபடி நடக்காவிட்டால், பிடிக்குப் பயன்படாத ஒரு சமநிலைத் துளையைக் கூடுதலாகப் போட்டு ஃபிளேரைக் கூட்டலாம், குறைக்கலாம். முதல் முடிவில் நேர்ந்த பிழைக்கு இரண்டாவது வாய்ப்பு இருந்தது. அமெரிக்க பவுலிங் அமைப்பான யு.எஸ்.பி.சி. 2020 ஆகஸ்ட் 1 முதல் அந்தத் துளைக்குத் தடை விதித்தது. கூடவே நிலைஎடை வேறுபாட்டு வரம்பை, அதாவது பந்தின் எதிரெதிர்ப் பாதிகளுக்கு இடையே அனுமதிக்கும் எடை வித்தியாசத்தை, எல்லாத் திசைகளுக்கும் 3 அவுன்ஸாகத் தளர்த்தியது. அதற்கு முன் பக்கவாட்டில் 1 அவுன்ஸ்தான். எடைமையத்தை அரை அங்குலம் தள்ளுவதா வேண்டாமா என்ற பழைய தலைவலி இதனால் குறைந்தது; பின்னின் இடம் பற்றிய முடிவோ முன்னைவிடக் கனமானதாயிற்று. திருத்த வழியில்லாத முடிவை வேறொருவரின் ஊகத்துக்கு விடுவதைவிட, பி.ஏ.பி.யைத் தானே அளந்து எழுதிக் கொடுப்பது மேல். நல்ல கடைக்காரர் அதைத் தலையீடாகக் கருதமாட்டார். அவர் கேட்கவேண்டிய முதல் கேள்விக்கு விடை தயாராக வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதைவிடக் கூர்மையான மறுப்பு வேறொன்று: லேஅவுட்டின் விளைவே சிறியது என்பது. யு.எஸ்.பி.சி. நடத்திய பந்து இயக்க ஆய்வு, பந்தின் பாதையை அதிகம் மாற்றுவது மேற்பரப்பின் சொரசொரப்பு என்று காட்டியது. 500 கிரிட் உராய்வுப் பேடால் தேய்த்த பந்துக்கும் 4000 பேடால் தேய்த்ததற்கும் உள்ள வித்தியாசத்தைப் பின்னை அரை அங்குலம் நகர்த்திப் பெற முடியாது. இந்த மறுப்பு உண்மை. ஆனால் கற்பதற்கு எதிரான வாதமாக அது நிற்காது, கற்பதற்கே காரணமாகிறது. பந்து சீக்கிரம் வளைகிறது என்று புதிய லேஅவுட்டோடு புதிய பந்து வாங்குபவர், ஒரு பேடால் பத்து நிமிடத்தில் முடியும் வேலைக்குப் பெரும் பணம் கொடுக்கிறார். லேஅவுட்டின் எல்லையைக் கோடு போட்டுப் பழகியவர்தான் எது பேடின் வேலை, எது பின்னின் வேலை என்று பிரித்துப் பார்ப்பார். வளைவு எவ்வளவு வலுவானது என்பதில் மேற்பரப்புக்கும் கோருக்கும் பெரிய பங்கு. அது எந்த வடிவில், லேனின் எந்தக் கட்டத்தில் நிகழ்கிறது என்பதில் லேஅவுட்டுக்குப் பங்கு.

செலவு பற்றிய அச்சம் குறிப்பதற்குப் பொருந்தாது. பென்சில் கோட்டைத் துணியால் துடைத்துவிடலாம். பழைய பந்து ஒன்றின் துளைகளிலிருந்து பின்னோக்கி அளந்து, அதன் மூன்று எண்களைக் கண்டுபிடிப்பது நல்ல தொடக்கம். துளைபோடுவது வேறு கதை. தவறான துளையை ரெசின் ஊற்றி அடைத்து மறுபடி போட முடியும் என்றாலும், கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடைத்தூரம் கூடினாலோ துளைச் சாய்வு பிசகினாலோ தசைநாரும் மணிக்கட்டும்தான் விலை கொடுக்கும். கைக்குப் பொருந்தாத பந்தில் எந்த லேஅவுட்டும் வேலை செய்யாது. பிடி மாறினால் விடும் விதம் மாறும், அதோடு பி.ஏ.பி.யும் மாறும். ஆகவே பொருத்தம் முதலில் சரியாக வேண்டும், அதன் பிறகே அச்சின் அளவு. கட்டைவிரல் பயன்படுத்தாத இருகை ஆட்டத்துக்கு மாறுபவர்கள் பழைய எண்களைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக அளக்க வேண்டும். கட்டைவிரல் துளையே இல்லாததால், துளைபோட்ட பின்பும் சமச்சீர் கோர் பெரும்பாலும் சமச்சீராகவே இருந்துவிடுகிறது; எனவே அவர்களுக்கு அத்தகைய பந்தில் முதல் எண்ணைவிட நடு எண்ணே அதிகம் பேசும்.