வட சென்னை அனல்மின் நிலையங்களின் கழிவு வெப்பம்

வட சென்னை அனல்மின் நிலையங்களின் கழிவு வெப்பம் என்பது எண்ணூர், அத்திப்பட்டு, வல்லூர் பகுதிகளில் நிலக்கரியை எரித்து மின்சாரம் உற்பத்தி செய்யும்போது, மின்னாக மாறாமல் வெளியேறும் வெப்பத்தைக் குறிக்கும். குளிர் நாடுகளில் இத்தகைய வெப்பம் குழாய்கள் மூலம் வீடுகளுக்கு விற்கப்படுகிறது. சென்னையில் அதற்கு வாங்குவோர் இல்லை.

வெப்பத்தின் அளவு

இப்பகுதியின் பழைய நிலையமான எண்ணூர் அனல்மின் நிலையம் (450 மெகாவாட்) 2017இல் மூடப்பட்டது. வட சென்னை அனல்மின் நிலையத்தின் முதல் கட்டம், தலா 210 மெகாவாட் திறனுள்ள மூன்று அலகுகளுடன் 1994-96 காலத்தில் இயங்கத் தொடங்கியது. இவ்வகை நிலையங்களில் நிலக்கரியின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. ஒரு பகுதி புகைபோக்கி வழியே செல்கிறது. ஏறத்தாழ பாதி, சுழலியிலிருந்து வரும் நீராவியைக் குளிர்விக்கும் நீரில் சேர்கிறது. முதல் கட்டம் முழுத்திறனில் இயங்கினால் இவ்வாறு வெளியேறும் வெப்பம் சுமார் 900 மெகாவாட் எனக் கணக்கிடலாம்.

கழிமுகம்

முதல் கட்டத்தைக் குளிர்வித்த கடல்நீர் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் விடப்படுகிறது. சூடான நீரில் கரைந்துள்ள ஆக்சிசன் குறைவு; இறாலும் மீனும் அவ்விடத்தை விட்டு விலகும். கழிமுகத்தை நம்பியிருக்கும் காட்டுக்குப்பம் முதலிய ஊர்களின் மீனவர்களும், கையால் இறால் பிடிக்கும் இருளர்களும் இதனால் பாதிக்கப்படுகின்றனர். இந்திய விதிகளின்படி 1999 ஜூன் 1க்குப் பின் தொடங்கப்பட்ட கடலோர நிலையங்களுக்கு வெப்ப உயர்வு வரம்பு 7 பாகை செல்சியசு ஆகும். பழைய நிலையங்களுக்கு 10 பாகை வரை அனுமதி உண்டு.

வட்டார வெப்பமூட்டலுடன் ஒப்பீடு

டென்மார்க்கில் பெரும்பாலான வீடுகள் வட்டார வெப்பமூட்டலால் சூடேற்றப்படுகின்றன. வெப்பம் கசியாத வீடுகள் பெருகும்போது அங்கு விற்பனை குறைகிறது. ஆனால் குழாய்களின் வெப்ப இழப்பும் பராமரிப்புச் செலவும் அதே அளவில் குறைவதில்லை. எனவே ஒவ்வோர் அலகு வெப்பத்தின் மீதும் விழும் செலவு கூடுகிறது. மறுபுறம், இவ்வீடுகளுக்கு 50-60 பாகை நீரே போதுமாதலால், முன்பு பயன்படாத தாழ்வெப்ப மூலங்களையும் இணைக்க முடிகிறது.

சென்னையில் நிலை வேறு. சனவரி இரவுகளிலும் வெப்பநிலை பொதுவாக 20 பாகையை ஒட்டியே இருப்பதால் வீடுகளைச் சூடாக்கத் தேவையில்லை. வெப்பத்தால் இயங்கும் குளிரூட்டிகளுக்குப் பொதுவாக 80 பாகையை ஒட்டிய சூடுள்ள நீர் வேண்டும். நிலையத்திலிருந்து வெளிவரும் நீர் அவ்வளவு சூடானதன்று. ஆகவே இங்கு வீடுகளின் சிக்கனம் வேறு வழியில் பயனளிக்கிறது. கூரையில் வெண்பூச்சு, சிக்கனமான மின்விசிறி ஆகியவற்றால் ஓர் அலகு மின்சாரம் மிச்சமானால், ஏதோ ஓர் அனல்மின் நிலையத்தில் குளிர்விக்கும் நீரில் சேரும் சுமார் ஒன்றரை அலகு வெப்பமும் தவிர்க்கப்படும். அது எண்ணூரில்தான் குறையும் என்று சொல்ல முடியாது. மின்தொகுப்பு நாடு முழுவதற்கும் பொதுவானது.

நன்னீராக்கம்

இக்கழிவு வெப்பத்தைப் பயன்படுத்தும் முயற்சி 2009இல் நடந்தது. தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் வட சென்னை அனல்மின் நிலையத்தில் நாளொன்றுக்கு 1,50,000 லிட்டர் நன்னீர் தரும் ஆலையை அமைத்தது. இதில் சூடான கடல்நீர் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கப்பட்டு, குளிர்ந்த கடல்நீரால் மீண்டும் நீராக்கப்படுகிறது. இந்த அளவு நீரை ஆவியாக்க ஏறத்தாழ 4 மெகாவாட் வெப்பமே தேவை.