தகடூர் முரசமும் பாலித்தீவின் கஞ்சக்கருவிகளும்

இக்காலத்துத் தருமபுரி பண்டைத் தகடூராம். அதியமான் நெடுமான் அஞ்சி வீற்றிருந்த அவ்வூர்க்கு முழவின் வரலாற்றில் தனியிடமுண்டு. பொதுவிடத்தே தொங்கிய தண்ணுமையின் கண்ணிற் காற்று மோத, அவ்வொலியைப் போர்ப்பறையென்றே கொள்வன் அஞ்சி என ஔவையார் புறநானூற்று 89-ஆம் பாட்டிற் கூறினர். அத்தகடூரை எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் முரசமோ கடவுட்டன்மை வாய்ந்தது. அது நீராட்டப்பெறச் சென்றிருந்தபொழுது அதன் கட்டிலில் அறியாது துயின்ற மோசிகீரனாரை அவ்வேந்தன் வாளால் எறியாது கவரி வீசினன் என்பது 50-ஆம் பாட்டின் செய்தி. புலவர்பாற் காட்டிய அன்பையே பலரும் இதன்கண் வியப்பர். முரசத்திற்குத் தனிக்கட்டிலும் நீராட்டும் உண்டென்பதும், அக்கட்டிலேறினார்க்கு வாளே தண்டமென்பதும் அதனினும் ஆராயத்தக்கன.

படைத்தற்றொழில் கூத்தப்பெருமானது துடியின்கண் நிகழ்வதென உண்மை விளக்கத்தில் மனவாசகங்கடந்தார் உணர்த்தினர். ஆகலின் திருக்கோயில் முழவம் வெற்றணியன்று, பூசையின் உறுப்பேயாம். தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ்செய்ய 48 பிடாரரை நியமித்த முதலாம் இராசராசன், உடுக்கை வாசிப்பான் ஒருவனையும் கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவனையும் உடன்சேர்த்து, ஐம்பதின்மர்க்கும் நாடோறும் முக்குறுணி நெல் வகுத்தனன். பாடுவார்க்கும் கொட்டுவார்க்கும் படி ஒன்றே.

இனிச் சாவகத்தை நோக்குவாம். பிரம்பானன் சிவாலயம் கி. பி. 9-ஆம் நூற்றாண்டினது, அதன் தென்பால் அறையில் அகத்தியர் திருவுருவம் விளங்குகின்றது. சாவகம் பிற்காலத்தே இசுலாத்தைத் தழுவிற்று. பாலித்தீவிற் சிவவழிபாடு இன்றும் நிலவுகின்றது. இவ்விரு தீவினரும் போற்றும் பல்லியம் கமெலான் எனப்படும். செம்பும் வெள்ளீயமுங் கலந்த வெண்கலத்தாலாய குமிழ்மணிகளும் தகடுகளும் அதன்கண் மிகும். இருமுக முழவு காலத்தை நடத்த, பெருமணியின் ஆழ்ந்த ஒலி ஒவ்வொரு சுற்றையும் முடித்து வைக்கும். பாலியில் ஒரே சுரத்திற்குரிய இரு கருவிகளைச் சிறிதே வேறுபடச் சுருதி கூட்டுவர். அவ்வேறுபாட்டால் ஒலி அலையலையாய் நடுங்கும். பெருவழிபாட்டிற் குரவரது கைமணி, மந்திரம், பாட்டு, மரத்தாலாய ஊர்ப்பறை, கமெலான் என ஐந்தொலியும் ஒருங்கே முழங்கும்.

சைவம் சென்ற வழியே இவ்விசையும் ஈண்டிருந்து சென்றதெனத் துணிவது எளிது; அது பொருந்தாது. நமது சேகண்டி ஓரொலியே உடையது. பல குமிழ்மணிகளை நிரல்பட வைத்துப் பண்ணிசைத்தல் தென்கிழக்காசியர்க்கே உரியது. அவர்தம் சலேந்திரம் ஐந்து சுரத்தது, பேலோக் ஏழு சுரத்தது. இரண்டின் இடைவெளிகளும் நம் பண்ணிற்கு ஒவ்வா. வழிபாட்டிற்கு மாத்திரம் உறவு கூறலாம்.

எனினும் ஒன்று ஒக்கும். கமெலான் கருவியை ஒருவரும் கடந்து மிதியார். பெருமணிக்கு மலரும் நறும்புகையும் படைப்பர். மோசிகீரனார் அங்குத் துயின்றிருப்பினும் குற்றமேயாம். நம் திருக்கோயில்கள் பலவற்றிலோ இந்நாளில் விசையை அழுத்த, மின்பொறியே பேரிகையும் மணியும் அறைகின்றது. பாலியிற் பஞ்சார் என்னும் ஊரவையார் தம் கருவிகளைப் பொதுவிற் காத்து, பகலில் வயலில் உழைத்தோரே இரவிற் கூடிப் பயின்று, திருவிழா நாளில் தம் கையாலேயே முழக்குகின்றனர்.